குகனுக்கு வாசகர்கள் கொடுத்த திதி

குகனுக்கு முதலாம் ஆண்டுத் திதி கொடுப்பதற்காகக் கிள்ளானிலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் மலையேறி வந்தபோது, அவர்களுக்கு வாழை இலை அறுத்துக் கொடுத்தவன் குகன்தான். அது 2008ஆம் வருடம், சித்திரை மாதத்துச் சனிக்கிழமை. ரிங்லெட் ஊருக்கு மேலே வெள்ளக்கல் தேயிலைத் தோட்டத்துக் கோயிலடியில் வேனை நிறுத்திவிட்டு, ஆற்றுக்கு எப்படிப் போவது என்று அவர்கள் கேட்க, எதிரே வந்த ஆள் தன் குடையை விரித்துக்கொண்டு முன்னால் நடந்தான். வந்தவர்கள் எல்லாரும் ஒரே நாவலைப் படித்தவர்கள். அந்த நாவலில் செத்துப்போன தேயிலை ஆலைத் தொழிலாளி குகனை நினைத்து ஒரு வருடம் அழுதவர்கள். அழுகையை முறைப்படி முடித்துவைத்துவிட வேண்டும் என்று தங்களுக்குள் பேசி, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, ஓர் ஐயரையும் கூடவே அழைத்து வந்திருந்தார்கள். ஆற்றங்கரையில் ஐயர் பேர் கேட்டார், சொன்னார்கள். நட்சத்திரம் கேட்டார். அது புத்தகத்தில் இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றபோது, "கார்த்திகைங்க" என்றான் குடை பிடித்திருந்தவன். நீங்கள் யார் என்று ஒரு பெண் விசாரித்தாள். "அவருக்கு வேண்டியவன்" என்றான். சடங்கு முடிந்ததும் அவனுக்கும் இலை போட்டார்கள். சாப்பிட்டுவிட்டு, இரண்டு வடையைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு லயத்து வீட்டுக்குத் திரும்பி, அந்த நாவலை எழுதிய தன் மனைவி பூவிழியிடம் நீட்டினான்.

"என்னோட திதி வடை. நல்ல உளுந்து. சாப்பிடு."

பூவிழி வாங்கிச் சாப்பிட்டாள். வடை நன்றாகவே இருந்தது. சாப்பிட்டு முடித்த பிறகு, தாளை அடுப்பில் போட்டாள்.

அவள் அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள். அப்பா கொழுந்து லோரி ஓட்டியவர். ஐந்தாம் பாரத்தோடு பள்ளியை முடித்துவிட்டு, கியா பார்ம் சாலையோரக் கடையொன்றில் ஸ்ட்ராபெரி ஜாம் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் வேலைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் அவளுடைய சிறுகதைகள் அவ்வப்போது வந்தன, வந்த வேகத்தில் மறக்கப்பட்டன. குகன் ஆலையின் மேல்மாடியில் வேலை செய்தான். பறித்து வந்த பச்சை இலையைப் பரப்பிப் பெரிய மின்விசிறிக் காற்றில் வாட வைக்கும் இடம் அது. எத்தனை சோப்புப் போட்டுக் குளித்தாலும் அவன் உடம்பில் பாதி வாடிய இலையின் வாசம் இருக்கும். வலது மணிக்கட்டில் பழைய சூட்டுத் தழும்பு ஒன்று. தன் வீட்டுக்குள் நுழைவதற்குக்கூட வாசலில் நின்று இரண்டு முறை தொண்டையைச் செருமிவிட்டுத்தான் வருவான். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. பிள்ளை பிறக்கவில்லை, அதற்காக ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டதும் இல்லை. ஆனால் கல்யாணமான முதல் வருடத்திலேயே பூவிழி ஒன்றைக் கண்டுகொண்டாள். குகன் வீட்டில் இருக்கும்போது அவளுக்கு ஒரு வரிகூட எழுத வராது. அவன் எந்தத் தொந்தரவும் செய்வதில்லை. எதிரே உட்கார்ந்து வேர்க்கடலை உரிப்பான், அவ்வளவுதான். அவன் மாலை ஷிப்டுக்குக் கிளம்பி, காலடிச் சத்தம் சரிவில் இறங்கி ஓய்ந்த பிறகு வரிகள் வரும். வருகிற வரிகளிலெல்லாம் அவன் இருப்பான். எதிரே இருக்கும்போது அவள் கண்ணில் படாத அவனுடைய கழுத்தும் விரல்களும், சிரிக்கும்போது ஒரு பக்கம் சாயும் தலையும், அவன் போன பிறகு அவளுக்கு அத்தனை துலக்கமாகத் தெரிந்தன.

பிரிஞ்சாங்கில் ரொட்டிக் கடை வைத்திருந்த ஷஹாபுதீன்தான் அவளைப் பேய்க்கதைக்குத் திருப்பியவர். கல்லாவுக்குப் பக்கத்தில் வார இதழ்களையும் மெல்லிய நாவல்களையும் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார். ஈப்போவில் அவருடைய மைத்துனர் அச்சகம் நடத்தினார். "தங்கச்சி, மலைக்கு வர்றவனுக்கு ரெண்டே விசயந்தான் வேணும். ஒண்ணு குளிரு, இன்னொண்ணு பேயி" என்றார். "குளிர ஆண்டவன் குடுத்துட்டான். பேய நீங்க எழுதுங்க, நான் அடிச்சுத் தாறேன்." குகன் ஷிப்டுக்குப் போன மாலைகளிலெல்லாம் உட்கார்ந்து அவள் அந்த நாவலை எழுதி முடித்தாள். துரை காலத்து பங்களா ஒன்றில் தனியாக வாழும் விதவை. மூடுபனி இறங்கும் சாயங்காலங்களில் அவளுடைய செத்துப்போன கணவன் மரப்படிகளில் ஏறி வந்து, வாசலில் இரண்டு முறை செருமி, வாடிய இலை வாசத்தோடு அவளெதிரே வந்து உட்காருவான். அவனுக்குக் குகன் என்று தற்காலிகமாகத்தான் பேர் வைத்திருந்தாள். அச்சுக்குக் கொடுக்குமுன் மாற்றிவிட நினைத்து, வேறு பேர்களைப் போட்டுப் பார்த்தாள். எந்தப் பேரைப் போட்டாலும் அந்த ஆள் படியேற மறுத்தான். கடைசியில் குகனிடமே கேட்டாள்.

"வச்சுக்கலா. யாரு படிக்கப் போறா" என்று அவன் சிரித்தான்.

'வாடிய இலை வாசம்' வந்த வருடப் பள்ளி விடுமுறைக்குள் முதல் கட்டு முழுதும் பிரிஞ்சாங்கிலேயே தீர்ந்தது. அடுத்த கட்டுகள் கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் ஜொகூருக்கும் போயின. சிங்கப்பூரில் ஒரு வாசகர் வட்டம் அதற்காகவே தொடங்கப்பட்டது. சென்னைப் பதிப்பகம் ஒன்று உரிமை வாங்கி, அட்டையில் பங்களாவும் நிலவும் போட்டு, பஸ் நிலையங்களிலெல்லாம் தொங்கவிட்டது. வானொலியில் தொடராக வாசித்த பெண் நடுவில் அழுதுவிட்டாள். அதைக் கேட்டவர்களும் அழுதார்கள். சொந்தக் கணவன் பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, பெண்கள் குகனை நினைத்துத் தலையணையை நனைத்தார்கள். மாலை போட்டு மாட்டிவைப்பதற்காக அவனுடைய புகைப்படம் கேட்டுக் கடிதங்கள் வந்தன.

இத்தனை ஆயிரம் பேர் ஒரு மனுசன் செத்துவிட்டான் என்று மனதார நம்பும்போது, அவனுடைய ஒற்றை உடம்பு எவ்வளவு நாளைக்கு எதிர்த்து நிற்கும். முதலில் நாய்களுக்குத் தெரிந்தது. தோட்டத்து நாய்கள் அவனைப் பார்த்துக் குரைக்காமலும் விலகாமலும் அவன் கால்களுக்கு ஊடாகவே நடந்து போயின. காலைப் பெரட்டில் ஆட்களின் பேர் வாசிக்கும் கங்காணி அவன் பேரைத் தாண்டிப் போனார். சுட்டிக் காட்டினால் வருத்தம் தெரிவித்துவிட்டு மறுநாளும் தாண்டினார். கிளினிக்கில் எடை பார்த்தபோது முந்திய வருடத்தின் பாதிதான் இருந்தது. டாக்டர் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார். வெயிலடிக்கும் பகல்களில் அவன் சுவரோரம் நின்றால் பின்னால் மாட்டியிருந்த காலண்டரின் தேதி தெரிந்தது. மூடுபனி இறங்கினால் மட்டும் அவன் கெட்டியானான். அந்த நேரங்களில் கடைக்குப் போய் வந்தான், பக்கத்து லயத்துப் பிள்ளைகளோடு பேசினான். இலைக் கூடையைத் தூக்க முடியாத ஆளுக்குச் சம்பளம் போட வழியில்லை என்று கணக்கு எழுதும் கிராணி தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். கோயில் கமிட்டி கூடிப் பேசி, அந்த வருடத் திருவிழா வரியில் அவனுக்கு மட்டும் பாதி போட்டது. இதையெல்லாம் தோட்டத்தில் யாரும் பெரிதாகப் பேசவில்லை. கோஸ் விலை விழுந்ததுதான் அந்த வருடத்தின் பேச்சு.

நாவல் கொடுத்த காசில் பூவிழி பிரிஞ்சாங் சந்தைக்கு மேலே ஒரு மாடி வீடு வாங்கினாள். மாடியறையில் மேசை போட்டு, சன்னலைத் தேயிலைச் சரிவுப் பக்கம் திறந்து வைத்துக்கொண்டாள். அந்த வீட்டுக்குப் போன பிறகு இன்னொன்றையும் அவள் கவனித்தாள். குகனின் கனம் குறையக் குறைய, அவன் எதிரே உட்கார்ந்திருக்கும்போதும் அவளுக்கு எழுத வந்தது. வேர்க்கடலை உடையும் சத்தம்கூட இப்போது கேட்பதில்லை. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வாசகர்களுக்கு வேறு யாரும் வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது நாவலை வார இதழில் தொடராக எழுதி வேறொரு ஆவியைக் கொண்டு வந்தபோது, குகன் எங்கே என்று கேட்டுக் கடிதங்கள் குவிந்தன. அந்தத் தொடரைப் பாதியிலேயே நிறுத்தி, குகனை இன்னொரு பிறவியில் இன்னொரு பங்களாவில் வைத்து மறுபடியும் சாகடித்தாள். அந்த நாவலில் அவன் தாப்பா மலைப்பாதையில் லோரியோடு உருண்டான். புத்தகம் கடைக்கு வந்த வாரம் குகனுக்கு இடது கால் இழுக்க ஆரம்பித்தது. அடுத்ததில் தேயிலை மேட்டில் இடி விழுந்து செத்தான். அதன் பிறகு அவன் கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் தொலைக்காட்சியில் படம் அலைந்தது. பூவிழி எண்ணெய் காய்ச்சி அவன் காலில் தேய்த்தாள். கை கொஞ்சம் உள்ளே போய்த்தான் நின்றது, புகை பிடித்த கம்பளியைத் தொடுவதைப் போலிருந்தது. புதிய நாவல் தொடங்குமுன் இருவரும் சாப்பாட்டு மேசையில் அதைப் பற்றிப் பேசிக்கொள்வது வழக்கமாயிற்று.

"இந்தத் தடவ என்னா?"

"பாம்பு போடலாமான்னு பாக்கறேங்க."

"பாம்பு பரவால்ல. லோரி வேணாம்லா. கால் இன்னும் இழுக்குது. கொஞ்சம் வலியில்லாம பாத்துக்க."

அவள் அவனுக்கு வலியில்லாத பாம்பைத் தேடினாள். தூக்கத்தில் கடித்ததாக எழுதினாள். ஆனாலும் அவன் நகங்கள் நீலமாகி அப்படியே நின்றன. அவன் கோபப்பட்டதில்லை. அவன் கோபப்பட்டிருந்தால் ஏதாவது ஒரு நாவலில் தான் நிறுத்தியிருக்கலாம் என்று பூவிழி பிற்பாடு நினைத்துக்கொண்டதுண்டு. பிறகு, அப்படி நினைப்பதும் பழியை அவன் மேலேயே போடுவதுதான் என்று தோன்றும்.

2013 அக்டோபரில் லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில், அணை திறந்த வெள்ளத்தோடு சேறு வந்தது. காய்கறித் தோட்டங்களும் வீடுகளும் கார்களும் அதற்குள் போயின. ஆட்களும் போனார்கள். பூவிழி கம்பளிகள் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அடுத்த நாள் சென்னையிலிருந்து பதிப்பாளர் கூப்பிட்டார். இந்த வருடம் குகன் சேற்றில்தான் போக வேண்டும், வாசகர்களின் மனதில் சூடு இருக்கும்போதே புத்தகம் வந்துவிட வேண்டும் என்றார். முடியாது என்று போனை வைத்தாள். ஒரு வாரம் முடியாது என்றே இருந்தாள். பிறகு ஒரு மத்தியானம், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, முதல் வரி தானாக வந்தது. நல்ல வரி. கையைத் துடைத்துக்கொண்டு மாடியேறினாள். 'சேற்று மாளிகை' அவள் எழுதியதிலேயே அதிகம் விற்றது. அது வெளியான நாளிலிருந்து குகன் நடந்த இடமெல்லாம் ஈரச் சேற்றுத் தடம் விழுந்தது. தினம் காலையில் அவள் துடைத்தாள். மத்தியானத்துக்குள் மறுபடி விழுந்தது.

மறு வருடம் ஒரு பெண் பஸ் பிடித்து வீடு தேடி வந்தாள். பேர் இராசம்மா, பெர்த்தாமில் சாலட் இலை அடுக்கும் வேலை. உட்காரச் சொன்னதும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மடியில் பையை வைத்துக்கொண்டாள். பைக்குள் 'சேற்று மாளிகை' இருந்தது.

"எங்க வீட்டுக்காரரு பேரு இராமையாங்க. அன்னிக்குச் சேத்துல போயிட்டாரு."

அவள் திட்டப் போகிறாள் என்று பூவிழி நினைத்தாள். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தாள்.

"ஒங்க வீட்டுக்காரரு புக்குல திரும்பித் திரும்பி வர்றாரே" என்றாள் இராசம்மா. "எங்க வீட்டுக்காரரையும் ஒரு பக்கத்துல போட்டுடுங்கம்மா. பெருசா வேணாம். வாசல்ல வந்து நின்னா போதும்."

"அப்பிடி வர்றது அவரு இல்லம்மா."

இராசம்மா தரையைப் பார்த்தாள். கூடத்திலிருந்து சமையலறைப் பக்கம் சேற்றுத் தடங்கள் போயிருந்தன. அவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் ஒரு தடம் விழுந்தது.

"எதுவா இருந்தா என்னாம்மா" என்றாள்.

பூவிழி எழுதிக் கொடுக்கவில்லை. கொண்டு வந்திருந்த சாலட் இலைக் கட்டை மேசை மேல் வைத்துவிட்டு, புத்தகத்தைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு இராசம்மா போய்விட்டாள். பூவிழி சமையலறைக்குப் போய்ப் பூண்டு உரிக்க உட்கார்ந்தாள். வெளியே மூடுபனி சன்னல் வரை வந்திருந்ததால் குகன் நன்றாகத் தெரிந்தான். கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான்.

"ஒண்ணு கேக்கவா பூவு? நான் முழுசா இருந்தப்ப ஒனக்கு எழுத வரல, இல்ல?"

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும். நாந்தான எதுத்தாப்புல ஒக்காந்திருந்தேன்."

"ஒங்கள வேணாம்னு நான் எழுதலைங்க."

"அது தெரியும். வேணும்னுதான் எழுதுன. அதான் எனக்கு வெளங்க மாட்டேங்குது."

பூண்டின் தோல் நகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த மனுசனை இத்தனை ஆசையாகப் பார்ப்பதற்கு, முதலில் அவனைக் கண்ணெதிரிலிருந்து அப்புறப்படுத்த வேண்டியிருந்தது என்பதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியவளுக்கு அந்த ஒரு வாக்கியத்தை அவனிடம் சொல்ல வரவில்லை. அவன் இழுக்கும் காலோடு மாடிக்குப் போனான்.

மறுநாள் அவள் ஒரு நாவல் தொடங்கினாள். அதில் குகன் சாகவில்லை. பேய் இல்லை, பங்களா இல்லை. ஒரு ஆள் ஆலைக்குப் போகிறான், வருகிறான், கருவாட்டுக் குழம்பு சாப்பிடுகிறான், மனைவியோடு சின்னச் சின்ன சண்டை போடுகிறான், அவனுக்கு வயதாகிறது. 'குகன் வீட்டில் இருக்கிறான்' என்று தலைப்பு வைத்தாள். ஒவ்வொரு வரியையும் பிடித்து இழுத்துத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. இரண்டு வருடம் ஆயிற்று. சென்னைப் பதிப்பகம் படித்துவிட்டுப் பதிலே போடவில்லை. ஷஹாபுதீன் கையெழுத்துப் பிரதியைக் கல்லா மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் தாடியைத் தடவினார்.

"தங்கச்சி, உயிரோட இருக்கற புருசன யாரும்மா காசு குடுத்து வாங்குவா? அதான் எல்லார் வீட்லயும் ஒண்ணு கெடக்குதே."

"நீங்க அடிங்க பாய்."

அவள் கேட்டுவிட்டாள் என்பதற்காக அடித்தார். விற்றது கொஞ்சம், திரும்பி வந்தது மீதம். கட்டுகள் கடையில் மாவு மூட்டைகளுக்குப் பக்கத்தில் அடுக்கப்பட்டன. ஆனாலும் அதை முழுதாகப் படித்த சிலர் அங்கங்கே இருந்தார்கள், அவர்களுடைய பங்கு குகனுக்கு வந்து சேர்ந்தது. ஒரு நாள் அவன் உட்கார்ந்தபோது பிரம்பு நாற்காலி கிரீச்சென்றது. பூவிழி மாடியிலிருந்து ஓடி வந்தாள். இருவரும் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் எழுந்து மறுபடி உட்கார்ந்தான், மறுபடி சத்தம் வந்தது. அந்தச் சத்தம் சில மாதங்கள் இருந்தது. பிறகு அந்த வாசகர்களும் வேறு புத்தகங்களுக்குப் போய்விட்டார்கள்.

அதன் பிறகு பூவிழி எழுதவில்லை. அவள் நிறுத்தியதை ஊர் கவனிக்காமல் போனதற்குக் காரணம், ஊரே படிப்பதை நிறுத்திக்கொண்டிருந்ததுதான். சிங்கப்பூர் வாசகர் வட்டம் கலைந்தது. பஸ் நிலையக் கடைகளில் நாவல் தொங்கிய இடத்தில் போன் உறைகள் தொங்கின. கடிதங்கள் வாரம் ஒன்றாகி, மாதம் ஒன்றாகி, நின்றன. 2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து, மலைக்கு ஒரு கார்கூட ஏறாமல், பிரிஞ்சாங் முழுதும் கதவடைத்துக் கிடந்த நாட்களில், பக்கத்து வீட்டு நாய் குகனைப் பார்த்துக் குரைத்தது. அவன் கேட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தான். சமையலறைத் தரையில் அவன் நிழல் விழுந்தது, முதலில் தேநீர்க் கறை போல, பிறகு கறுப்பாக. அவனை நாவல் முப்பத்தொன்பது வயதில் நிறுத்தி வைத்திருந்ததால், பாக்கி வருடங்கள் ஒரே மாதத்தில் வந்து சேர்ந்தன. ஒரு பக்கத் தலை திங்கட்கிழமை நரைத்தது, மறு பக்கம் அந்த வெள்ளிக்கிழமைக்குள் நரைத்தது. சேற்றுத் தடம் காய்ந்து நின்றது. இருவரும் பின்கட்டில் கீரை போட்டார்கள், சீட்டு விளையாடினார்கள், யார் ஏமாற்றுவது என்று சண்டை போட்டுக்கொண்டார்கள். அந்த இரண்டு வருடமும் அவளுக்கு ஒரு வரி வரவில்லை. அது வலிக்கவில்லை என்று சொல்வதற்கில்லை.

ஆனால் உடம்பு தனியாகத் திரும்பவில்லை. அவள் எழுதிய ஏழு சாவுகளும் அதற்குள் இருந்தன. கால் எலும்பில் பழைய முறிவுகள் வீங்கின. பாம்பின் நீலம் நகத்திலிருந்து விரலுக்கு ஏறியது. மூச்சு வாங்கியபோது ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். நுரையீரல் இரண்டிலும் அடியில் சேறு படிந்திருந்தது. காய்கறித் தோட்டத்தில் வேலை பார்த்தவரா என்று டாக்டர் கேட்டார். இல்லை, புத்தகத்தில் என்றாள் பூவிழி. டாக்டர் அதைக் குறித்துக்கொண்டு, இனி செய்வதற்கு அதிகமில்லை என்றார்.

2022ஆம் வருடக் கடைசியில் கோலாலம்பூர் நிறுவனம் ஒன்றிலிருந்து தனேஸ் என்பவர் வந்தார். மரியாதையான மனிதர், வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். 'வாடிய இலை வாச'த்தைத் தொடராக எடுக்கப் போகிறோம், போனிலேயே உலகம் முழுக்கப் பார்ப்பார்கள், குகன் சாகிற ஏழு நாவலும் புது அட்டையோடு வரும் என்றார். ஒப்பந்தத்தை வைத்துவிட்டு, வாரக் கடைசியில் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனார். பூவிழிக்கு உடனே புரிந்தது. அத்தனை பேரும் அழத் தொடங்கினால் குகன் மறுபடி லேசாகிவிடுவான். காலின் வலி மரத்துவிடும், நெஞ்சில் சேறு இருந்தாலும் மூச்சே தேவைப்படாது. பனியில் வருவான், உட்காருவான். போகவே மாட்டான். அவள் மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பேனாவை எடுத்தாள். அவனை வைத்துக்கொள்வதற்காக எடுக்கிறாளா, தன் பேரை மறுபடி அட்டையில் பார்ப்பதற்காக எடுக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

கட்டிலிலிருந்து குகன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போடாத பூவு."

"போடலைன்னா நீங்க இருக்க மாட்டீங்க."

"ஆமா."

"நான் தனியா என்னா செய்வேன்?"

அவனுக்கு மூச்சு சேர்வதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "ஏழு தடவ நீ சாவடிச்சிட்ட. அதுல கோவம் இல்ல, நாந்தான் வச்சுக்கன்னு சொன்னேன். ஒரு தடவ நானா செத்துக்கறேன். வுடு."

அவள் மேசையிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டாள். அழுது முடித்த பிறகு அவனெதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவனை நிமிர்ந்து பார்த்தாள். நரைத்த மயிர், தொங்கிய கன்னம், ஒரு பக்கம் சாயும் தலை. அவன் முழுதாக அங்கே இருக்கும்போதே அவளால் பார்க்க முடிந்தது. ஏன் இத்தனை நாள் முடியவில்லை என்று கேட்டுக்கொள்ளவில்லை. தனேஸ் வந்தபோது கையெழுத்துப் போடாத தாளைத் திருப்பிக் கொடுத்து, தேநீர் போட்டுக் கொடுத்து அனுப்பினாள்.

குகன் 2023 மார்ச்சில், பனியே இல்லாத ஒரு மத்தியானம், கருவாட்டுக் குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டுப் படுத்த இடத்தில் செத்தான். தோட்டத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஷஹாபுதீன் கடையை அடைத்துவிட்டு வந்து வாசலில் நின்றார். இராசம்மாவுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை, அவளும் வந்து பூவிழியின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பெட்டியைத் தூக்கிய நான்கு பேரும் வாசற்படியிலேயே தடுமாறினார்கள். இன்னும் இருவர் சேர வேண்டியிருந்தது. இப்படிக் கனத்த ஒரு ஆளைத் தாங்கள் தூக்கியதில்லை என்று பிற்பாடு சொன்னார்கள். வாசகர்களிடமிருந்து இரங்கல் எதுவும் வரவில்லை. அவர்கள் அதைப் பதினைந்து வருடத்துக்கு முன்பே அனுப்பி முடித்திருந்தார்கள்.

கருமாதி கழிந்த மாதம் ஷஹாபுதீன் போன் செய்தார். கடையில் மீந்திருந்த 'வாடிய இலை வாசம்' ஒன்றை வாங்கிப் போன சுற்றுப்பயணி, புத்தகத்தில் ஏதோ குறைகிறது என்று திருப்பிக் கொண்டு வந்திருந்தார். ஷஹாபுதீன் வேறு பிரதிகளையும் புரட்டிப் பார்த்தார். எல்லாம் ஒன்று போலிருந்தன. பூவிழி தன் அலமாரியிலிருந்த பிரதியை எடுத்து மாடிச் சன்னலடியில் உட்கார்ந்து முதலிலிருந்து படித்தாள். பக்கம் எதுவும் கிழியவில்லை, வரி எதுவும் வெட்டுப்படவில்லை, எண்கள் சரியாக ஓடின. பங்களா இருந்தது, மரப்படிகள் இருந்தன, சாயங்காலம் மூடுபனி இறங்கியது. விதவை எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, குளிருகிறது என்று கதவைச் சாத்தினாள், விளக்கேற்றினாள், தனக்கு மட்டும் உலை வைத்தாள். இந்த வரிகள் எதையும் பூவிழி எழுதியதில்லை. அவற்றில் ஒரு சொல்லைக்கூட மாற்றத் தோன்றவில்லை. கடைசிப் பக்கம் வரை படித்து, மூடி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

புத்தகம் இப்போதும் பிரிஞ்சாங்கில் கிடைக்கிறது. முன்பு போல் இல்லை, ஆனால் பள்ளி விடுமுறைகளில் பரவாயில்லாமல் போகிறது. பழைய வாசகர்கள் சிலர் அங்கேயே நின்று புரட்டிப் பார்த்துவிட்டு, குகன் எங்கே என்று ஷஹாபுதீனிடம் கேட்பார்கள்.

"அவரு தவறிட்டாருங்க" என்று சொல்லிவிட்டு, அவர் மிச்சச் சில்லறையை எண்ணிக் கொடுப்பார்.